ஆற்றில் கொட்டியது கிணற்றில் வரும்

வழுக்கையாற்று மதகடியில் இரவோடிரவாக ஒருவர் வீசிவிட்டுப் போகும் சாக்கு மூட்டை, மழை வந்ததும் கடலுக்குப் போய்விடும் என்றுதான் எங்கள் பகுதியில் பலர் இன்னமும் நினைக்கிறார்கள். அது போவதில்லை. மூட்டை எங்காவது ஒரு பற்றையில் சிக்கிக் கிடக்கும். அதில் ஊறிய தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும். இறங்கியது கிணற்றுக்கு வரும். யாருடைய கிணற்றுக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் இதிலுள்ள பெரிய கேடு. கொட்டியவர் வீட்டுக்கும் வரலாம், அவரை ஒருநாளும் கண்டிராத, நாலு ஒழுங்கை தள்ளியிருக்கும் ஒரு கைக்குழந்தையின் வீட்டுக்கும் வரலாம். இந்த ஆற்றைத் துப்புரவாக வைத்திருக்க எங்கள் சனசமூக நிலையத்தில் சிலராகத் தொடங்கிய வேலையைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, முதலில் சொல்ல வேண்டியது இதுதான் என்று பட்டது. யாழ்ப்பாணத்தில் ஆற்றுக்காகப் போராடுகிறவர் கிணற்றுக்காகத்தான் போராடுகிறார்.

யாழ்ப்பாணத்தில் ஆறு எங்கே இருக்கிறது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தொண்டைமானாறு, உப்பாறு எல்லாம் பெயரளவில் ஆறுகள், உண்மையில் கடலோடு தொடுப்புள்ள நீரேரிகள். குடாநாட்டுக்கு ஆறென்று சொல்லிக்கொள்ள இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான். தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக இறங்கி, நவாலி, வட்டுக்கோட்டைப் பக்கத்து வயல்களைத் தொட்டுக்கொண்டு அராலியில் கடல்நீரேரியோடு சேர்கிறது. வழிநெடுகக் குளங்கள். ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்தது நிரம்பும். கார்த்திகையிலும் மார்கழியிலும் ஆறு ஓடும், தையில் தேங்கி நிற்கும், பங்குனியில் அதன் படுக்கையில் மாடு மேயும்.

ஆண்டில் பெரும்பகுதி வெறும் பள்ளமாகக் கிடப்பதுதான் இந்த ஆற்றின் துரதிர்ஷ்டம். தண்ணீர் ஓடும்போது யாரும் அதில் மதில் கட்ட மாட்டார்கள், கட்டிடம் உடைத்த கல்லைக் கொண்டுவந்து கொட்ட மாட்டார்கள். காய்ந்து கிடக்கும்போது அது யாருக்கும் ஆறாகத் தெரிவதில்லை. ஆளில்லாத காணியாகத் தெரிகிறது. இங்கே ஆளில்லாத காணிக்கு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

நிலத்துக்குக் கீழே இருப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாதம் முழுவதும் அங்கேதான் நிற்கிறது. வழுக்கையாறு ஓடும் வலிகாமப் பகுதியின் செம்மண் பல இடங்களில் சில அடி ஆழம் வரைதான். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் காலங்காலமாக அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்து வெடிப்புகளும் பொந்துகளும் குகைகளுமாக ஆக்கிவைத்திருக்கிறது. இந்தக் கல்லில் இயற்கையாக உண்டான, ஆழமான நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மணல் நிலத்தில் இறங்கும் தண்ணீர் மெல்ல மெல்ல வடிபட்டு இறங்கும். அரிதட்டுக்கூடக் குறுனிக் கல்லைப் பிடித்துவைக்கும். நம்முடைய இந்தப் பாறை எதையும் பிடித்துவைப்பதில்லை. மேலே இருப்பது அப்படியே கீழே போகிறது. போய்ச் சேரும் இடத்தில் நன்னீர் ஒரு வில்லைபோலக் கடல்நீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியல் சொல்லும் கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் கீழே உவர் 40 அடி ஏறிவரும் என்பதும் அதே கணக்குத்தான். இந்த வில்லையை ஆண்டுக்கு ஒருமுறை நிரப்புவது வடகீழ்ப் பருவமழை மட்டுமே. அந்த மழை தங்கி நின்று நிலத்துக்குள் இறங்கும் வாசல்கள் நம் குளங்களும் வழுக்கையாறும். அந்த வாசலில்தான் குப்பை கொட்டுகிறோம்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் ரீச்சர்தான். எங்கள் முயற்சி வெறும் கூட்டமும் தீர்மானமுமாகப் போகாமல் இருந்ததற்கு அவரே காரணம். ஆற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு கிணறுகளைச் சோதிப்போம் என்றார். நைத்திரேற்றைப் பார்க்க நிறம் மாறும் பட்டைகள் உண்டு. வாளியில் அள்ளிய தண்ணீரில் பட்டையை நனைத்து எடுத்து, ஒரு நிமிடம் வைத்திருந்து, பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிறங்களோடு ஒப்பிட வேண்டும். வெள்ளையாக நின்றால் நல்லது. இளஞ்சிவப்பு ஏற ஏற நைத்திரேற்று கூடுகிறது என்று பொருள். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை, நம் நாட்டின் குடிநீர்த் தரமும் அதேதான். பட்டை திட்டவட்டமான அளவைத் தராது என்பதால், சந்தேகமான கிணறுகளின் நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். கிருமிச் சோதனைக்கு வேறு முறை: கிருமிநீக்கிய போத்தலில் பிடித்து, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இதை எவ்வளவு பொறுப்பாகச் செய்தார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். போத்தலின் வாயை விரல் தொடாமல் திறப்பது எப்படி என்று ஒரு சிறுமி என் கையைத் தட்டிவிட்டுக் காட்டித் தந்தாள்.

ஒரு வீட்டில் பட்டை நனைத்த சில வினாடிகளிலேயே கடும் சிவப்பாக மாறியது. அது ஊரில் பெயர்பெற்ற கிணறு. அந்த வீட்டு ஆச்சிக்கு எண்பதுக்கு மேல் வயது. “இந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் பிள்ளை, ஊரே தேத்தண்ணீர் குடித்தது. கலியாண வீட்டுச் சமையலுக்கு இங்கேதான் வந்து அள்ளுவார்கள்” என்று சொல்லிக்கொண்டே எங்களுக்கும் ஒரு செம்பில் தந்தார். நல்ல தண்ணீராகத்தான் இருந்தது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. ரீச்சர் கிணற்றுக் கட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். பெரியவர்கள் உடலுக்கு உடனே தெரியாது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலுவை இழக்கும், குழந்தை நீலம் பாரிக்கும் என்று விளக்கினார். “கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம், ரீச்சர்” என்றார் ஆச்சியின் பேத்தி. அவர் மடியில் குழந்தை இருந்தது. இந்த ஒரு விடயத்தை ஊர் முழுக்கச் சொல்லித் திரிய வேண்டியிருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது, தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு இன்னும் கூடும்.

அந்தக் கிணற்றைச் சுற்றி நின்று பார்த்தால் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு பக்கம் வெங்காயத் தோட்டம், மறுபக்கம் அயல்வீட்டு மலசலகூடக் குழி, பின்னால் ஆற்றோடு தொடுப்புள்ள வெள்ளவாய்க்கால். முன்பு எட்டுப் பரப்பாக இருந்த காணிகள் சீதனத்துக்கும் பங்குக்கும் பிரிந்து இரண்டு பரப்பாகிவிட்டன. இரண்டு பரப்பில் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு குழி. குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி விட வேண்டும் என்று வீடு கட்ட அனுமதி கொடுக்கும்போது சொல்வார்கள். உங்கள் கிணற்றுக்கும் உங்கள் குழிக்கும் 50 அடி இருக்கலாம், உங்கள் கிணற்றுக்கும் அடுத்த வீட்டுக் குழிக்கும் எத்தனை அடி? வெங்காயமும் பீற்றூட்டும் போடும் கமக்காரர் தேவைக்கு மேல் யூரியா எறிந்து, நாள்தோறும் இறைத்தால், பயிர் எடுத்தது போக மிச்சம் கிணற்றுக்குத்தான் திரும்பிவரும். இதற்காகக் கமக்காரரைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்து, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அரசாங்கம் தடையை நீக்கியது. இடையில் கமக்காரர் பட்ட பாட்டைப் பார்த்தோம். எவ்வளவு போட வேண்டும், எப்போது போட வேண்டும் என்று மண்ணைச் சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும். அதைக் கேட்டுத்தான் கமநல சேவை நிலையத்துக்குப் போய்வருகிறோம்.

ஆற்றுக்கு வருகிறேன். மழைக்கு முன்பு மதகடியைத் தோண்டித் துப்புரவாக்கப் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) பிடித்தோம். மேலே பார்த்தால் புல்லும் ஆகாயத்தாமரையும்தான். வாளியால் முதல் கோரு கோரியதும் மணம் தாங்காமல் நின்றவர்கள் எல்லாரும் பின்னால் போனார்கள். பம்பஸ் (குழந்தைகளின் அணையாடை) மூட்டைகள், சேறேறிக் கல்லாக இறுகிப் போன சொப்பிங் பைகள், மெத்தைக் கம்பிச்சுருள், உடைந்த கண்ணாடிப் போத்தல், பூச்சிமருந்துப் போத்தல்கள். பூச்சிமருந்துப் போத்தல்களில் சிலவற்றில் மூடி இறுகியபடி இருந்தது, உள்ளே மருந்து மிச்சம் இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே கோழி இறகு. வெள்ளை இறகு சேற்றோடு அடர்ந்து பாய்போலப் படிந்து, மதகின் கண்ணையே அடைத்திருந்தது. தண்ணீர் ஏன் வடியவில்லை என்று ஒவ்வொரு மாரியிலும் வயற்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே கிடந்தது.

யார் கொட்டுகிறார் என்று கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். இளைஞர் சிலர் படம் எடுத்து முகநூலில் போட வேண்டும் என்று கொதித்தார்கள். நானும் இன்னும் இருவரும் நேரே கடைக்குப் போனோம். இறைச்சிக் கடைக்காரர் நாங்கள் வாய் திறக்கும் முன்பே விடயத்தைப் புரிந்துகொண்டார். “எங்கே கொண்டுபோய்க் கொட்டச் சொல்கிறீர்கள், அக்கா? குப்பை வண்டி இறகை ஏற்றாது. என் காணியில் தாட்டால் அயல் சண்டைக்கு வருகிறது. ஒருநாளைக்கு இத்தனை சாக்கு வருகிறது, நான் தின்னவா முடியும்?” என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னது உண்மை. கொட்டாதே என்று சொல்ல நமக்கு உரிமை வர வேண்டுமென்றால், எங்கே கொட்டலாம் என்பதற்கும் ஒரு பதில் கையில் இருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வி எங்கள் வேலையின் திசையையே மாற்றியது. அடுத்த கூட்டத்தில் ஆற்றைவிடக் குப்பை வண்டியைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். இறைச்சிக் கழிவுக்கும் பம்பஸுக்கும் தனியாகக் கிழமையில் குறித்த நாட்களில் வண்டி வர வேண்டும், அதற்குக் கடைகள் கட்டணம் கட்டத் தயார் என்று எழுதி, கடைக்காரர்களிடமே கையெழுத்து வாங்கிப் பிரதேச சபைக்குக் கொடுத்தோம். அவர் முதல் கையெழுத்து வைத்தார்.

சபை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் ஒரு வாய்க்காலைப் பற்றி முறையிடுவதற்கு வட்டார உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. செயலாளரும் அலுவலர்களும் முடிந்ததைச் செய்தார்கள், ஆனால் வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்தவரிடம் கேட்பதுபோல அலுவலரிடம் கேட்க முடியாது. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கட்சிக்காரரையும் ஒரே நாளில் மதகடிக்கு அழைத்து நிறுத்தினோம். தனித்தனியாக அழைத்திருந்தால் ஒருவர் மற்றவரைக் குறை சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

அலுவலகங்களிலிருந்து தெளிவான பதில் வாங்க எங்களுக்கு உதவியது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கடைசியாக இந்தப் பகுதி எப்போது தூர்வாரப்பட்டது, ஆற்றின் எல்லை அளந்து குறித்த வரைபடம் உண்டா, கழிவு கொட்டியதற்காக யார் மீதாவது வழக்குப் போடப்பட்டதா என்று எளிமையாகக் கேட்டோம். பதில்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது ஆறு பல துண்டுகளாகத் தெரிந்தது. குளம் ஒரு திணைக்களத்துக்கு, வாய்க்கால் இன்னொன்றுக்கு, வீதிப் பாலம் வேறொன்றுக்கு, கரையோர ஒழுங்கை சபைக்கு. ஒவ்வொருவரும் தம் துண்டைப் பற்றி மட்டும் பதில் சொன்னார்கள். முழு ஆற்றையும் பார்க்க ஒருவரும் இல்லை என்பது எழுத்தில் கையில் கிடைத்த பிறகுதான், எல்லாரையும் ஒரே மேசைக்கு அழைக்கும்படி பிரதேச செயலகத்தைக் கேட்க எங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: பொதுத் தொல்லையை அகற்றும்படி உத்தரவிட, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவை நாங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை. ஆனால் அது இருக்கிறது என்று தெரிந்தவர்களிடம் அலுவலகங்கள் பேசும் விதமே வேறு.

“வழக்கும் மனுவும் போட்டு என்ன கண்டோம்?” என்று கேட்கிறவர்களிடம் நான் சுன்னாகத்தைப் பற்றிச் சொல்வேன். அது இங்கிருந்து மிக அருகில்தான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சுன்னாகம் மின் நிலையச் சூழலில் கிணற்றில் அள்ளிய வாளியில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. முகம் கழுவினால் டீசல் மணத்தது. தலைமுறை தலைமுறையாகக் குடித்த கிணறுகளை மூடிவிட்டு, ஒழுங்கை முகப்பில் வைத்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் சனம் கலன்களோடு நிரையில் நின்றது. கழிவு ஓயில் நிலத்துக்குள் போய்ப் பரவியிருந்தது. அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன, எதை நம்புவது என்று தெரியாமல் சனம் தவித்தது. ஆனாலும் வீதிக்கு வந்தார்கள். 2015 தொடக்கத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் அங்கிருந்த தனியார் மின்னுற்பத்தி நிலையத்தின் இயக்கத்தை நிறுத்த உத்தரவிட்டது. தெற்கைச் சேர்ந்த ஒரு சூழலியல் செயற்பாட்டாளர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. நிலத்தடி நீரை மாசுபடுத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும், அதைப் பாதிக்கப்பட்டவர்களில் 500 பேர் வரை பகிர்ந்துகொள்ளலாம் என்று நீதிமன்றம் சொன்னது. ஆளுக்கு 40,000 ரூபா. கிணற்றைத் துப்புரவாக்கும் செலவும் அதற்குள்தான்.

ஒரு கிணற்றுக்கு 40,000 ரூபா போதுமா என்றால் போதாது. அந்த நிலம் பழையபடி ஆக எத்தனை காலம் பிடிக்குமோ. ஆனாலும் அந்தத் தீர்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றம் நம் சுண்ணாம்புக்கல்லின் கீழுள்ள நீரைக் குறித்துச் சொல்லியிருக்கிறது. சிங்களவர் ஒருவர் தமிழரின் கிணறுகளுக்காக வழக்காடினார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். சுன்னாகத்தில் எதிரே ஒரு நிறுவனம் இருந்தது, கைநீட்டிக் காட்ட முடிந்தது. வழுக்கையாற்றில் அப்படி ஒருவர் இல்லை. இறகு கொட்டுகிறவர், பம்பஸ் வீசுகிறவர், குழியை ஆழப்படுத்தி நிலத்தடி நீரையே தொட வைத்தவர், யூரியாவை அள்ளி எறிகிறவர், வாகனம் கழுவிய ஓயிலை வாய்க்காலில் விடுகிறவர் எல்லாரும் நம் சொந்தக்காரர். கலியாண வீட்டில் அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார வேண்டும். இந்தப் போராட்டம் அதனால்தான் கடினம்.

கூட்டம் எங்கே வைப்பது என்பதிலேயே ஒரு பாடம் இருந்தது. கோயில் மண்டபத்தில் வைக்கலாம் என்றார்கள். அங்கே வைத்தால் எல்லாரும் வர மாட்டார்கள் என்று ஒரு பெண் எழுந்து சொன்னார். வாசிகசாலையில் வைத்தோம், எல்லாரும் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது இதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், யார் வேலிக்கு வெளியே நின்று ஊற்றிவிடுவதை ஏந்திக் குடிக்க வேண்டும் என்று சாதி பார்த்துத் தீர்மானித்த சமூகம் இது. 1960களில் தீண்டாமைக்கு எதிராகத் தேநீர்க்கடைகளிலும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் நடந்த போராட்டங்கள் இன்றும் பலர் நினைவில் இருப்பவை. ஆற்றின் தாழ்ந்த கரையில், வெள்ளம் முதலில் ஏறும் இடத்தில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் போராட்டங்களை நடத்தியவர்களின் பிள்ளைகள்தான். மேட்டில் இருப்பவர் கழுவிவிட்டது அவர்கள் முற்றத்துக்கு வருகிறது. 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனபோது, முழங்கால் தண்ணீரில் நின்று வேலை செய்தவர்கள்தான் அதிகம் பயந்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தடுப்பு மாத்திரையோடு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனார். ஆற்றைப் பற்றி அவர்கள் சொல்வதை முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தில் இப்போது வழக்கமாகிவிட்டது. எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், எந்த மதில் வந்த பிறகு தேங்கத் தொடங்கியது என்று அவர்களுக்குத்தான் நாள் நட்சத்திரத்தோடு தெரியும்.

மிகக் கடுமையான வாக்குவாதம் குப்பையைப் பற்றி நடக்கவில்லை. தண்ணீரை வடியவிடுவதா, மறித்து வைப்பதா என்பதைப் பற்றித்தான் நடந்தது. வயலில் நெல் மூழ்கி நிற்கும் கமக்காரருக்கு ஆற்றை ஆழமாக வெட்டி, அராலித் தடுப்பணைக் கதவுகளைத் திறந்து, வெள்ளம் கடலுக்குப் போனால் போதும். தோட்டக்காரருக்கோ ஒவ்வொரு சொட்டும் நிலத்துக்குள் இறங்க வேண்டும், அப்போதுதான் ஆனியிலும் ஆடியிலும் இறைக்கக் கிணற்றில் நீர் இருக்கும், உவரும் ஏறாது. இருவரும் சொல்வது சரி. நான் தோட்டக்காரர் பக்கம் சாய்கிறேன். குளங்களைத் தூர்வாரி ஆழமாக்கினால் வெள்ளத்தின் ஒரு பங்கு அங்கே தங்கும், வயலும் தப்பும், கிணறும் ஊறும். ஆற்றை மட்டும் நேராகவும் ஆழமாகவும் வெட்டிவிட்டால் மாரியில் பெய்தது தைக்கு முன்பே கடலில் இருக்கும். கடலுக்குப் போகும் மழைநீரை மறித்து நீரேரிகளையே நன்னீராக்கலாம் என்று பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களிலேயே திட்டம் போட்டார். அதன் அணைகளில் சில கட்டப்பட்டன, திட்டம் முழுமை பெறவில்லை. ஆனால் மறித்து வைக்கும் தண்ணீர் துப்புரவாக இருக்க வேண்டும். அழுக்குத் தண்ணீரைத் தேக்கினால் அழுக்கைத்தான் கிணற்றுக்குள் இறக்குகிறோம். குப்பைப் பிரச்சினையும் வெள்ளப் பிரச்சினையும் ஒன்றே என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டது இந்த இடத்தில்தான்.

இதெல்லாம் எதற்கு, குழாயில் தண்ணீர் வரப்போகிறதே என்று சொல்கிறவர்களும் உண்டு. 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது, ஒருநாளைக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டத்துக்குக் கிளிநொச்சிக் கமக்காரர் தங்கள் வயலுக்குப் போதாது என்று எதிர்ப்புத் தெரிவித்த பிறகு தேர்ந்தெடுத்த வழி அது. தீவகத்திலும் அராலிப் பக்கத்திலும் தண்ணீர்ப் பவுசரை எதிர்பார்த்துக் காத்திருந்த வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழாய்த் தண்ணீரில் வெங்காயம் விளையாது. மாடு குடிக்கவும், மரம் நிற்கவும், பனங்கூடல் பிழைக்கவும் நிலத்தடி நீர்தான் வேண்டும். கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். கிணற்றுக்கு ஒரு மழைக்காலம் போதும்.

ஆற்றின் கீழ்முனையில் கல்லுண்டாய் வெளி இருக்கிறது. நகரத்தின் குப்பை அங்கேதான் மலையாகக் கிடக்கிறது, அடிக்கடி தீப்பிடிக்கிறது, நவாலியிலும் அராலியிலும் புகை வீட்டுக்குள் வருகிறது. எங்கள் ஊரில் மதகைத் தோண்டி எடுத்த குப்பையும் கடைசியில் அங்கேதான் போயிருக்கும் என்று ரீச்சர் சொன்னபோது யாரும் பேசவில்லை. மேலே அள்ளி ஆற்றின் வாயில் வைத்தால் அது துப்புரவா? அதனால் இப்போது வீட்டிலேயே பிரித்து வைப்பதைப் பற்றி மகளிர் சங்கம் வீடு வீடாகப் பேசுகிறது. மக்கக்கூடியது தோட்டத்துக்கு, போத்தலும் பிளாஸ்டிக்கும் பழைய சாமான் எடுப்பவருக்கு. மிஞ்சுவது பம்பஸும் பொலித்தீனும்தான், அதற்கு வண்டி வேண்டும். பூச்சிமருந்துப் போத்தலை விற்ற கடையே திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்டுக் கடைக்காரர்களோடு பேசுகிறோம். ஒருவர் பெட்டி வைத்திருக்கிறார், மற்றவர்கள் யோசிக்கிறார்கள்.

இறைச்சிக் கழிவுக்கான வண்டி வரத் தொடங்கியிருக்கிறது, சில கிழமை தவறுகிறது. தவறும்போது கடைக்காரர் எனக்குத்தான் முதலில் தொலைபேசி எடுக்கிறார். ஆச்சியின் வீட்டில் குழந்தைக்கு வேறு கிணற்றிலிருந்து தண்ணீர் வருகிறது. அயல்வீட்டார் குழியை அடிப்பாகம் கட்டிய தொட்டியாக மாற்ற ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், செலவில் பாதிக்கு வெளிநாட்டிலுள்ள அவர்கள் பிள்ளை பொறுப்பு. மதகுக்குப் பக்கத்தில் ஆற்றுப் படுக்கைக்குள் வந்திருக்கும் மதில்தான் இப்போது மிச்சம். அந்தக் காணிக்காரர் தன் உறுதியில் எல்லை அதுவரை இருக்கிறது என்கிறார், நாங்கள் இல்லை என்கிறோம். நில அளவையாளர் மழைக்கு முன்பு வந்து அளந்து கல் நடுவதாகச் சொல்லியிருக்கிறார். அளக்கும்போது காணிக்காரரும் வயற்காரரும் தாழ்ந்த கரையில் குடியிருப்பவர்களும் ஒன்றாக நிற்க வேண்டும் என்று எழுதிக் கேட்டோம். எல்லாரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், காணிக்காரர் உட்பட.